குன்னூர் வீட்டுக்குப் பழைய தேக்குத் தரை: காரைக்குடிக் கட்டை மலை ஏறுன கதை

குன்னூர்ல ஒரு பழைய பங்களா, வெள்ளைக்காரன் காலத்துது. ஓனர் கோயம்புத்தூர்க்காரர், அவரும் அவங்க வீட்டம்மாவும் வாரக்கடைசியில மேல வந்து தங்குறதுக்காக வாங்கிப் புதுப்பிச்சுட்டு இருந்தாங்க. மரத்தரை போடற எங்களைக் கூப்பிட்டப்போ வேலை பாதி முடிஞ்சு பாதி கெட்டுப்போன நிலைமை. ஒரு பெட்ரூம்ல, 14க்கு 12 அடி, ஏற்கனவே வேற ஒரு காண்ட்ராக்டர் பழைய பர்மா தேக்குப் பலகை ஒட்டிட்டுப் போயிருந்தார், சித்திரை வெயில்ல ஒட்டுனது, ஐப்பசி மழைக்கு நடு ரூம்ல அப்பளம் பொரிஞ்ச மாதிரி எழும்பி நிக்குது, பாத்ரூம் கதவைத் திறக்க முடியல. ஹால், டைனிங், நடை எல்லாம் சேர்த்து இன்னும் 620 சதுர அடி பாக்கி. ஓனர் கேட்டது ஒரே கேள்வி: "நூறு வருஷத்துக் கட்டை, இனிமே எங்க சார் அசையப்போகுதுன்னு சொல்லித்தான் வித்தாங்க, அப்புறம் எப்படி இது?"

அசையும். மரத்தை வெட்டி எத்தனை வருஷம் ஆனாலும் சுத்தியிருக்குற காத்துக்குத் தகுந்தபடி ஈரத்தை இழுத்துக்கிட்டும் விட்டுக்கிட்டும்தான் இருக்கும், வயசானதுனால அந்தக் குணம் போகாது. பழைய கட்டையில நமக்குக் கிடைக்குற லாபம் வேற. பச்சை மரம் காயுறப்போ வர்ற முறுக்கல், வெடிப்பு எல்லாத்தையும் அது எப்பவோ பட்டு முடிச்சிருக்கும், கெட்டுப்போறதா இருந்தா இத்தனை வருஷத்துல கெட்டிருக்கும். ஆனா ஈரக் கணக்கு புதுசுக்கும் பழசுக்கும் ஒன்னுதான். காத்துல ஈரப்பதம் 50 சதவீதம்னா மரம் சுமார் 9 சதவீத ஈரத்துல போய் நிக்கும், 65ன்னா 12, 80ன்னா 16. காரைக்குடி வெயில்ல ஷெட்டுல கிடந்த பலகை பத்து சொச்சத்துல இருந்திருக்கும், அதை அப்படியே லாரியில ஏத்தி 1,850 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுவந்து மறுநாளே ஒட்டிட்டா, வடகிழக்குப் பருவமழையில பூட்டியே கிடக்குற வீட்டுக்குள்ள அது 14, 15 சதவீதத்துக்கு ஏறாம என்ன செய்யும்?

கணக்கைப் போட்டே காட்டுனோம். மரங்கள்லயே கம்மியா அசையுற வகையில தேக்கும் ஒன்னு, அப்படி இருந்தும் ரேகை படுத்த பலகையில (முனையில பார்த்தா மரத்து வளையம் படுக்கையா ஓடுறது) 1 சதவீதம் ஈரம் ஏறுனா அகலம் 0.186 சதவீதம் விரியும், ரேகை நிமிர்ந்த பலகைன்னா (வளையம் செங்குத்தா நிக்குறது) கிட்டத்தட்ட பாதி, 0.1 சதவீதம். 14 அடின்னா 168 இஞ்ச், 4 சதவீதம் ஈரம் ஏறிச்சுன்னா ஒன்னே கால் இஞ்ச் இடம் வேணும். இந்த ரூம்ல சுவரோரம் எவ்வளவு இடம் விட்டிருந்தாங்கன்னு ஸ்கர்ட்டிங்கை, அதான் சுவரடியில ஓடுற பட்டையை, பிரிச்சுப் பார்த்தோம், ஒரு பிளேடு கூட நுழையாது, பலகை ரெண்டு பக்கமும் சுவத்துச் சாந்துல முட்டிக்கிட்டு நிக்குது. போக வேற இடமில்லாம மேல எழும்பிடுச்சு, அவ்வளவுதான்.

அது ஒரு காரணம்தான். எழும்பாத பலகையும் ஒவ்வொன்னும் ஓரம் தூக்கி நடுவுல குழிஞ்சு இருந்துச்சு, கையை வச்சுத் தடவுனாலே தெரியும். அப்படி இருந்தா அடிப்பக்கம் மேல்பக்கத்தை விட ஈரமா இருக்குன்னு அர்த்தம். ரெண்டு பலகையை எடுத்து ஈரம் அளக்குற மீட்டர் ஊசியைக் குத்தினா மேல 14 சதவீதம், அடியில 19. ஒட்டியிருந்தது தச்சு வேலைக்குப் போடுற சாதாரண வெள்ளைப் பசை, அது திரும்பப் பால் நிறத்துக்கு வந்து நகத்துல சுரண்டுனா வழிச்சுட்டு வருது. கீழ இருந்த சிமெண்ட் தளம் நேரா மண்ணு மேல போட்டது, நடுவுல பாலித்தீன் ஷீட் எதுவும் இல்ல. சுத்தமான இடமா பார்த்து ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலித்தீனை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி விட்டுட்டோம், மறுநாள் காலையில பார்த்தா ஷீட்டுக்கு அடியில முத்து முத்தா தண்ணி. இந்த டெஸ்டுக்கு அம்பது ரூபாய் கூட ஆகாது, எந்த ஊரா இருந்தாலும் மரத்தரை போடறதுக்கு முன்னாடி இதைச் செஞ்சுடுங்க.

வீட்டம்மா அப்பவே சொல்லிட்டாங்க, "போதும் தம்பி, பேசாம டைல்ஸே போட்டுடலாம்." நான் மறுக்கல, அது தப்பான யோசனையும் இல்ல, ஆனா டிசம்பர், ஜனவரி குளிர்ல குன்னூர்ல டைல்ஸ் மேல காலை வச்சுப் பாருங்க. தவிர ஹாலுக்குக் கீழ சிமெண்ட் தளமே கிடையாது, பழைய முறையில குட்டைச் சுவர் எழுப்பி, அது மேல சட்டம் பரப்பி, பலகை அடிச்ச தரை. அதுல டைல்ஸ் போடணும்னா கீழ மொத்தமும் மண்ணு நிரப்பித் தளம் போடணும், அது தனிச் செலவு. கடைசியில மரமேன்னு முடிவாச்சு, ஆனா எந்த மரம், எங்க வாங்குறது, எப்படி அறுக்குறதுன்னு முதல்லேர்ந்து ஆரம்பிச்சோம்.

அதுக்கு முன்னாடி ஹால் தரையை ஏன் பிரிக்க வேண்டி வந்துச்சுன்னு சொல்லிடறேன், மலைப்பக்கம் பழைய வீடு வாங்குறவங்களுக்கு இது உதவும். அந்தத் தரைக்குக் கீழ ஒன்றரை அடி வெத்திடம், சுவர்ல தரைமட்டத்துக்கு ஒட்டி இரும்புக் கம்பி போட்ட சின்னச் சின்னத் துவாரம், காத்து இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் போறதுக்கு. கட்டுனவன் யோசிச்சுத்தான் கட்டியிருக்கான். அப்புறம் வந்தவங்க எலி வருது, பாம்பு வருதுன்னு பாதித் துவாரத்தை சிமெண்ட் வச்சு அடைச்சுட்டாங்க, மீதியைத் தோட்டத்து மண்ணு மூடிடுச்சு. காத்து நின்னதும் கீழ இருந்த சட்டம் நனைஞ்சு, பூஞ்சை புடிச்சு, ஸ்க்ரூ டிரைவரைக் குத்தினா கைப்பிடி வரைக்கும் உள்ள போகுது. மரத்தோட ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழ இருக்குற வரைக்கும் பூஞ்சை வேலை காட்டாது, தாண்டி அப்படியே இருந்துச்சுன்னா எந்த மரமும் நிக்காது. துவாரத்தையெல்லாம் திறந்து, எலிக்கு ஸ்டீல் வலை அடிச்சு, தோட்டத்து மண்ணை ஒரு அடி இறக்குனதுதான் இந்த வீட்டுலயே நாங்க செஞ்ச முக்கியமான வேலை. ஃபோட்டோவுல அது தெரியவே தெரியாது.

இனி மரம். பழைய மரம்னு ஆளாளுக்குக் காட்டுனதுல சிலதைச் சீக்கிரமே ஒதுக்கிட்டோம். ரயில்வே ஸ்லீப்பர் கட்டை, பார்க்க கம்பீரமா இருக்கும், விலையும் கம்மி, ஆனா கெடாம இருக்கணும்னு கிரியோசோட் எண்ணெயில ஊறவச்ச கட்டைங்க அதுல நிறைய இருக்கு, அது புற்றுநோய் வரவைக்குற சரக்கு, தோட்டத்துப் படிக்கு வேணா போடலாம், படுக்குற ரூமுக்குள்ள வேண்டாம். குஜராத் அலங்ல கப்பல் உடைக்குற இடத்துலேர்ந்து வர்ற டெக் பலகை நல்ல தேக்குதான், ஆனா எங்களுக்கு வந்த சாம்பிள்ல டீசல் வாசனை இழைச்ச பிறகும் போகல. புது தேக்கு கானா, ஈக்வடார்லேர்ந்து வருது, தோட்டத்துல வளர்த்து இளசுலயே வெட்டுறது, அதுல வைரம், அதான் நடுவுல இருக்குற கெட்டியான பகுதி, கம்மி, ஓரத்து வெள்ளை அதிகம். செல்லு (கறையான்) திங்காதது வைரப் பகுதியைத்தான், வெள்ளையை நல்லாவே திங்கும், தேக்குன்னு பேரு இருக்கேன்னு அதுக்குத் தெரியாது.

அதனால காரைக்குடி. முனீஸ்வரன் கோயில் தெருவுல போனீங்கன்னா செட்டிநாட்டு வீடுங்களைப் பிரிச்ச சாமான் கடைகடையா இருக்கும், தூண், நிலை, கதவு, பீங்கான், எனாமல் தட்டு வரைக்கும். ஆனா தரைக்கு வேண்டிய கட்டை பெரும்பாலும் கடை முகப்புல இருக்காது, பின்னாடி ஷெட்டுலயோ ஊருக்கு வெளிய குடோன்லயோதான் அடுக்கியிருப்பாங்க, கேட்டாத்தான் காட்டுவாங்க.

இந்தக் கட்டை எப்படி அங்க வந்துச்சுன்னா, நகரத்தார் பர்மாவுல வட்டித் தொழில் பண்ண காலத்துல ரங்கூன், மௌல்மேன் துறைமுகத்துலேர்ந்து கப்பல்ல வந்தது. 19ஆம் நூற்றாண்டு நடுவுலேர்ந்து 1940கள் வரைக்கும் கட்டுன வீடுங்க அதெல்லாம். 1942ல ஜப்பான்காரன் பர்மாவுக்குள்ள வந்ததும் அந்தப் போக்குவரத்து அறுந்துச்சு, அறுபதுகள்ல அங்க எல்லாத்தையும் அரசுடைமை ஆக்குனதும் மிச்சமும் போச்சு. பர்மாக் காட்டுல ஒரு பழக்கம் இருந்துச்சு, மரத்தை வெட்டுறதுக்கு ரெண்டு மூணு வருஷம் முன்னாடியே அடிமரத்தைச் சுத்திப் பட்டையோட சேர்த்து வெட்டி விட்டுடுவாங்க, மரம் நின்ன நிலையிலயே செத்துக் காயும், ஏன்னா பச்சைத் தேக்கு ஆத்துல மிதக்காது, காஞ்சாத்தான் ஐராவதியில மிதக்கவிட்டுக் கொண்டுபோக முடியும். ஆக இந்தக் கட்டை வெட்டும்போதே பாதி காஞ்சது. பெரிய காட்டு மரம்ங்கறதுனால வைரமும் ஜாஸ்தி, கணு இல்லாத நீளமும் கிடைக்கும். நம்ம பணம் இதுக்குத்தான், "நூறு வருஷம்"ங்கற வார்த்தைக்கு இல்ல. இப்போ மியான்மர்லேர்ந்து உருட்டுக் கட்டை ஏத்துமதியே 2014 ஏப்ரல்லேர்ந்து தடை, அதனால பழசுக்கு இன்னும் கிராக்கி, கிராக்கி ஏறுனா கலப்படமும் ஏறும்.

கடைக்காரர்கிட்ட எல்லாமே பர்மா தேக்குதான். அடுக்குல வேங்கை இருக்கும், மருது இருக்கும், இலுப்பை கூட இருக்கும், எல்லாத்து மேலயும் எண்பது வருஷப் புகையும் சுண்ணாம்பும் படிஞ்சு ஒரே நிறமா இருக்கும். கெட்ட மரம்னு சொல்ல வரல, வேங்கை நல்ல உறுதியான மரம், ஆனா ஒரே தரையில கலந்தா ஒன்னு ஒரு அளவுக்கு விரியும் இன்னொன்னு வேற அளவுக்கு விரியும். எங்க ஆசாரி செஞ்சது இதுதான்: ஒவ்வொரு கட்டையிலயும் முனையில ஒரு விரக்கடை அறுத்துட்டு, அந்தப் புது வெட்டுல இழைப்புளியை ரெண்டு இழுப்பு இழுத்து மூக்குல வச்சுப் பார்த்தார். தேக்குக்குப் பழைய தோல் செருப்புக் கடையில வர்ற மாதிரி ஒரு எண்ணெய் வாசனை உண்டு, எத்தனை வருஷம் ஆனாலும் புதுசா இழைச்சா வரும். முனையில பெரிய துவாரங்க வளையம் வளையமா வரிசையா நிக்கும், தடவுனா மெழுகு தடவுன வழவழப்பு. சந்தேகம் வந்த துண்டைத் தண்ணி டம்ளர்ல போட்டு வச்சோம், வேங்கைன்னா கொஞ்ச நேரத்துல தண்ணி நிறம் மாறிடும், சர்க்கரைக்காரங்க வேங்கை டம்ளர்ல தண்ணி குடிப்பாங்களே, அதே சமாச்சாரம். கடைக்காரர் சிரிச்சுக்கிட்டே, "தம்பி, பொண்ணு பார்க்க வந்தவங்க கூட இவ்வளவு கேக்க மாட்டாங்க"ன்னார், ஆனா ஒதுக்குன கட்டையை அவரே ஆள் விட்டுத் தனியா எடுத்து வச்சுட்டார்.

வாங்கக்கூடாதுன்னு நாங்க வச்சிருந்த விதி ஒன்னு, தூணையும் சித்திரவேலைப்பாடு உள்ள நிலையையும் தரைக்காக அறுக்கக்கூடாது. தூணை அறுத்தா அகலமான அருமையான பலகை கிடைக்கும்னு கடையிலயே ஆசை காட்டுனாங்க. அது தூணாவே இன்னொரு வீட்டுக்குப் போகட்டும். கைமரம் (கூரை தாங்குற சாய்வுச் சட்டம்), உத்தரம் (பெரிய குறுக்குக் கட்டை), மச்சுப் பலகை (மேல்தளத்துப் பலகை), இந்த மூணும் போதும் தரைக்கு.

இதுல ஒரு வாக்குவாதம் வந்துச்சு. வீட்டம்மாவுக்கு மச்சுப் பலகை மேல ஆசை, அதோட பழைய முகம், கறுப்புப் பூத்த நிறம், கை இழைப்புளி ஓடுன தடம் எல்லாம் அப்படியே தரையில வரணும்னாங்க. முகம் அப்படியே வேணும்னா இழைக்கக்கூடாது, இழைக்கலைன்னா பலகைக்குப் பலகை மட்டம் மாறும், கால் இடறும், அழுக்கு தங்கும். இழைச்சா அந்த நிறம் ஒரு மில்லிமீட்டர் ஆழம் கூட இருக்காது, போயிடும், கீழ தேன் நிறத்துல புது மரம் மாதிரியே வரும், வெளிச்சம் பட்டு ஒரு வருஷத்துல அதுவே தானா ஒரு சீரா தங்க நிறத்துக்கு வந்துடும். இன்னொன்னு, பழைய பெயிண்ட் பூசுன பலகைன்னா அதுல ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம், அதை வீட்டுக்குள்ள வச்சு சாண்டிங் பண்ணா அந்தத் தூசி குழந்தைங்களுக்கு ஆபத்து. கடைசியில சமரசம்: பெயிண்ட் படாத மச்சுப் பலகை கொஞ்சம் நடைக்கு மட்டும், லேசா சுத்தம் பண்ணி முகத்தோட, ஹாலுக்கும் டைனிங்குக்கும் கைமரத்தையும் உத்தரத்தையும் அறுத்து எடுத்த பலகை. என்னைக் கேட்டா நடைதான் இப்போ அந்த வீட்டுலயே அழகான இடம், அவங்க சொன்னது சரி.

விலைக் கணக்குக்கு வருவோம், ஜனங்க அதிகமா ஏமாறுறது இங்கதான். கட்டையை விக்குறது சிஎஃப்டியில, கன அடிக்கு. ஒரு கன அடியை ஒரு இஞ்ச் பலகையா அறுத்தா 12 சதுர அடி, அதனால கன அடி 4,000 ரூபாய்னு வச்சுக்கிட்டா சதுர அடி 333 ரூபாய்தான் சார்னு கணக்குச் சொல்லுவாங்க. காகிதத்துல சரி. ஆனா ரம்பம் ஒவ்வொரு தடவை ஓடும்போதும் ரெண்டு மூணு மில்லிமீட்டரைத் தூளாக்கிடும், பழைய கட்டையில நாலு பக்கமும் தோல் எடுக்கணும், பொருத்து வெட்டுன பொந்து இருக்குற இடம் போச்சு, ஆணி வரிசை ஓடுற ஓரம் போச்சு, வெடிச்ச முனை போச்சு, ஓரத்துல இருக்குற வெள்ளை போச்சு, அப்புறம் பலகை ஒன்னுக்குள்ள ஒன்னு பூட்டிக்குறதுக்கு ஓரத்துல நாக்கு காடி எடுக்கும்போது ஒரு பக்கம் கால் இஞ்ச் போச்சு. நாங்க 104 கன அடி வாங்குனோம், இழைச்சு முடிச்சுப் பலகையா கையில வந்தது 676 சதுர அடி, அதாவது கன அடிக்கு ஆறரை. அதே 4,000 ரூபாய் இப்போ சதுர அடிக்கு 615, இது மரத்துக்கு மட்டும், அறுவைக் கூலி, ஆணி புடுங்குற கூலி, சீசனிங் (சூட்டு அறையில வச்சுக் காயவைக்குறது), லாரி எல்லாம் தனி. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தா கன அடிக்கு விலை ஜாஸ்தி சொன்ன கடைக்காரரோட நேரான பெரிய உத்தரம்தான் கடைசியில மலிவா வந்து நிக்கும், பொந்தும் வெடிப்புமா இருக்குற மெல்லிசுக் கைமரம் மலிவா கிடைச்சாலும் பாதி விறகாத்தான் போகும்.

பில் விஷயத்துல விட்டுக்கொடுக்கவே கூடாது. செட்டிநாட்டு வீடு ஒவ்வொன்னுக்கும் பங்காளிங்க ஏகப்பட்ட பேரு, ஒருத்தர் வித்துட்டு இன்னொருத்தர் கேஸ் போடுறது அங்க சகஜம். எந்த ஊர், எந்த வீட்டுச் சாமான்னு பில்லுல எழுதி வாங்குனோம். பழைய கட்டைன்னாலும் தேக்கு தேக்குதான், நீலகிரிக்கு ஏத்துறதுக்கு முன்னாடியே வனத்துறை ஆபீஸ்ல என்ன காகிதம் வேணும்னு கேட்டுத் தயார் பண்ணிக்கிட்டோம், செக்போஸ்ட்ல லாரியை நிறுத்திட்டு ஃபோன் போடுற வேலையெல்லாம் ஆகாது.

அறுவை மேட்டுப்பாளையத்துல. நிறைய மில்லுல பழைய கட்டைன்னதுமே கையை விரிச்சுடுவாங்க, ஒரு ஆணி மாட்டுனா பேண்ட்சா பிளேடு போச்சு. ஒத்துக்கிட்ட மில்லுலயும் பிளேடு உடைஞ்சா உங்க செலவுன்னு எழுதி வாங்கிட்டுத்தான் ஏத்துனாங்க, அது நியாயம்தான். எங்க ஆளுங்க ரெண்டு பேர் மெட்டல் டிடெக்டரை வச்சு ஒவ்வொரு முகமா தடவி, சத்தம் வர்ற இடத்துல சாக்பீஸ்ல வட்டம் போட்டு, உளியால தோண்டி எடுத்தாங்க. கொல்லன் பட்டறையில அடிச்ச சதுர ஆணி, தலை துருப்புடிச்சு உதிர்ந்திருக்கும், வால் மட்டும் உள்ள புதைஞ்சு கிடக்கும். அதைச் சுத்தி மரம் நீலக்கறுப்பா ஓடியிருக்கும், இரும்பும் மரத்துச் சத்தும் சேர்ந்து வர்ற கறை, அதை என்ன இழைச்சாலும் போகாது. ஓனர் அந்தக் கறை உள்ள பலகையைக் கழிக்கச் சொன்னார், வீட்டம்மா அதைத்தான் ஹால் நடுவுல போடச் சொன்னாங்க, யாரு ஜெயிச்சாங்கன்னு சொல்ல வேண்டியதில்ல.

மில்காரர்கிட்ட பக்கத்துல நின்னே வாங்க வேண்டிய வேலை ஒன்னு இருக்கு. உத்தரத்தை எப்படிப் படுக்கவச்சு அறுக்குறாங்கங்கறதைப் பொறுத்து ரேகை நிமிர்ந்த பலகையும் வரும், படுத்த பலகையும் வரும். அவங்க போக்குல விட்டா சீக்கிரம் முடியுற மாதிரி ஒரே பக்கமா தள்ளிடுவாங்க. ஒவ்வொரு கட்டைக்கும் முனையில வளையம் எந்தப் பக்கம் ஓடுதுன்னு பார்த்து சாக்பீஸ்ல கோடு போட்டுக் கொடுத்தோம், அந்தக் கோட்டுப்படி அறுக்குறதுக்கு நேரம் ஜாஸ்தி, கூலியும் ஜாஸ்தி. விரியுறது பாதியா குறையும்னு மேல சொன்னேனே, அது இங்கதான் வாங்கப்படுது. எல்லாக் கட்டையிலயும் முடியாது, மெல்லிசுக் கைமரத்துல என்ன வருதோ அதுதான். ரேகை நிமிர்ந்ததை ஹாலுக்கும், படுத்ததை டைனிங்குக்கும்னு பிரிச்சு வச்சோம், டைனிங் அகலம் கம்மி.

அறுத்த பலகையில சிலதுல ஊசித் துவாரம் இருந்துச்சு, தட்டுனா மாவு கொட்டுது. உளு புடிச்சது. இந்த வண்டு வைரத்தை விட்டுட்டு வெள்ளையிலதான் குடியிருக்கும், வெள்ளையை வெட்டித் தள்ளிட்டு மிச்சம் மொத்தத்தையும் சீசனிங் சேம்பர்ல போட்டு நடு மரம் வரைக்கும் 56 டிகிரிக்கு மேல சூடு ஏத்தி எடுத்தோம். மருந்து அடிச்சா போதும்னு ஒருத்தர் சொன்னார், மருந்து உள்ள வரைக்கும் போகாது, சூடு போகும்.

மலை ஏத்துனதும் யாரும் பலகையைத் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டோம். ஹாலுக்குள்ளயே, ஜன்னல் கண்ணாடியெல்லாம் போட்டு முடிச்ச பிறகு, பலகைக்குப் பலகை நடுவுல ரீப்பர் குச்சி வச்சு அடுக்கிக் காத்தாட விட்டோம். எத்தனை நாள்னு எல்லாரும் கேக்குறாங்க, நாள் கணக்கே தப்பு. வாரத்துக்கு ஒரு தடவை அதே பலகைங்கள்ல மீட்டர் வைக்கணும், அடுத்தடுத்த வாரம் ஒரே எண் வந்தா சரி. பூச்சு வேலையும் தளத்து வேலையும் காயுறதுக்கு முன்னாடி அடுக்குனா பிரயோஜனமில்ல, மரம் சிமெண்ட் ஈரத்தைத்தான் குடிக்கும். குன்னூருக்கு நாங்க வச்சுக்கிட்ட இலக்கு 12லேர்ந்து 13 சதவீதம், மாசி பங்குனி வறட்சிக்கும் ஐப்பசி கார்த்திகை மழைக்கும் நடுவுல. அதே வீடு மதுரையில இருந்திருந்தா இன்னும் கீழ வச்சிருப்போம்.

அடிக்கும்போது நாலரை இஞ்ச் அகலத்துக்கு மேல பலகை எடுக்கல. ஏழு இஞ்ச், எட்டு இஞ்ச் அகலப் பலகை பார்க்க ராஜா மாதிரிதான் இருக்கும், ஆனா ஒரு பலகையோட மொத்த அசைவும் ஒரே சந்துல வந்து நிக்கும். கீழ புதுச் சட்டம், அது மேல மரைன் பிளை (தண்ணி தாங்குற பிளைவுட்), அது மேல பலகை, நாக்குல சாய்வா ஆணி. நாலஞ்சு பலகைக்கு ஒரு தடவை சந்துல ரெண்டு விசிட்டிங் கார்டைச் செருகி வச்சு அடிச்சுட்டு, அடுத்த வரிசை முடிஞ்சதும் உருவிட்டோம், அந்த நூலிழை அளவு இடம் மழைக்காலத்துல பலகை விரியுறதுக்கு. சுவரோரம் 18 மில்லிமீட்டர் விட்டு ஸ்கர்ட்டிங்கால மறைச்சாச்சு, ஸ்கர்ட்டிங்கைச் சுவத்துல அடிக்கணும், தரையில அடிக்கக்கூடாது. கணப்பு அடுப்பு முன்னாடி ரெண்டடி அகலத்துக்குக் கல்லு.

கெட்டுப்போன பெட்ரூம் பலகையை ஓனர் விறகுக்குப் போட்டிருந்தார். அதைத் திரும்ப எடுத்து அடுக்கிக் காயவச்சோம், குழிஞ்சதுல முக்கால்வாசி தானா நேராச்சு, மிச்சத்தை இழைச்சுட்டோம். தளத்து மேல ஈரத்தடுப்புப் பூச்சு, ரீப்பர், பிளைவுட்னு போட்டு அதே ரூம்லயே அதே பலகையை அடிச்சாச்சு, 14 அடிக்கு ஓரத்துல சரியா இடம் விட்டு. மரம் மேல தப்பே இல்ல, வச்ச விதம்தான்.

பாலிஷுக்கு வழக்கமா ஃபர்னிச்சருக்கு அடிக்குற மெலமின் வேண்டாம்னு சொல்லிட்டோம், தரையில அது விரிசல் விடும். தேக்கு எண்ணெய் உள்ள மரம், பியூ (பாலியூரித்தேன் வார்னிஷ்) அடிக்கணும்னா அதுக்கு முன்னாடி தின்னர் போட்டுத் துடைக்கலைன்னா சில இடத்துல காயாம பிசுபிசுன்னு நிக்கும். இங்க மெழுகு கலந்த எண்ணெய்தான் தேச்சோம், தேஞ்ச இடத்துல மட்டும் திரும்பத் தேய்ச்சுக்கலாம், மொத்தமா சாண்டிங் வேண்டாம். தேக்கு அப்படியொன்னும் கெட்டி மரம் இல்ல, ஹீல்ஸ் செருப்பு குழி போடும், இதை முன்னாடியே சொல்லிடணும், அப்புறம் சண்டை வரக்கூடாது.

ரெண்டு மழைக்காலம் போயாச்சு. பெட்ரூம் எழும்பல, ஹால்ல ஐப்பசியில சந்து எல்லாம் மூடிக்குது, மாசியில கணப்பு பக்கம் மட்டும் அரை மில்லிமீட்டர் அளவுக்குத் திறக்குது. வீட்டைப் பார்த்துக்குறவர்கிட்ட, மழை நாள்ல ஆள் இல்லாட்டியும் ரெண்டு நாளைக்கு ஒரு தடவை கணப்பு மூட்டச் சொல்லியிருக்கு, பூட்டியே போட்டா தரைக்கு மட்டும் இல்ல, பீரோவுல இருக்குற துணிக்கும் பூஞ்சைதான். போன மாசி மாசம் ஓனர் ஃபோன் பண்ணி அந்தச் சந்துல புட்டி அடைச்சுடலாமான்னு கேட்டார். ஆசாரியே ஃபோனை வாங்கிப் பேசினார்: "வேண்டாங்க, இப்ப அடைச்சா ஐப்பசியில அது எங்கங்க போகும்?" மீதி இருந்த 56 சதுர அடிப் பலகையை அந்த வீட்டு ஹால் பரண்லயே ரீப்பர் வச்சு அடுக்கியிருக்கோம், கீழ கோயம்புத்தூர் குடோனுக்குக் கொண்டுபோறேன்னு ஓனர் சொன்னார், விடல.